பொறுக்குமணிகளும் பொறுக்குபவர்களும்

சில ஆண்டுகளுக்கு முன் நண்பர்கள் சிலர் சேர்ந்து ஒரு சிறு தொகுப்பு நூலை அச்சிட முனைந்தோம். பல காலமாக நாங்கள் படித்து, ஒருவருக்கொருவர் அனுப்பி, வாதிட்டு, மறுபடியும் படித்த கட்டுரைகளுள் முப்பதை மட்டும் நூலாக்குவது நோக்கம். முன்னுரையின் முதல் வரியில் 'பொறுக்கியெடுத்த முப்பது கட்டுரைகள்' என்று எழுதியிருந்தோம். மெய்ப்புப் பார்த்த நண்பர் அந்தச் சொல்லைச் சிவப்பு மையால் சுழித்து, 'முன்னுரைக்கு இது அழகில்லை. தேர்ந்தெடுத்த என்று மாற்றுக' என்று ஓரத்தில் குறித்திருந்தார். நாங்களும் மாற்றினோம். அதைப் பற்றி ஒரு நிமிடம்கூடப் பேசிக்கொள்ளவில்லை.

நூல் அச்சாகி வந்த பிறகுதான் அந்தத் திருத்தம் உறுத்தத் தொடங்கியது. 'பொறுக்கியெடுத்த' என்பதில் என்ன பிழை? பொருளில் பிழை எதுவும் இல்லை. அறிஞர்களின் மொழிகளைத் திரட்டிப் 'பொறுக்குமணிகள்' என்ற தலைப்பில் வெளியிட்ட தமிழிதழ்கள் எத்தனையோ உண்டு. விதைப்புக்கென்று ஒவ்வொன்றாகப் பார்த்து எடுத்துவைத்த நல்ல விதைக்குப் பொறுக்குவிதை என்று பெயர். முட்டை மிதக்கும் அளவுக்கு உப்புக் கரைத்த நீரில் விதைநெல்லைக் கொட்டி, மிதப்பதை நீக்கி, மூழ்கியதை மட்டும் நாற்றங்காலுக்கு எடுத்துச் செல்லும்படி இன்று வேளாண்மைத் துறையினர் சொல்லித்தருகிறார்களே, அதுவும் பொறுக்குவிதை ஆக்கும் ஒரு வழிதான். அறுவடை முடிந்த வயலில் சிந்திக் கிடக்கும் கதிர்களை நிலமற்றவர்கள் எடுத்துச் செல்வது கதிர் பொறுக்குதல். தமிழ் விவிலியத்தில் ரூத் என்னும் பெண் செய்வதும் இதைத்தான். பிறர் வயலில் கதிர் பொறுக்க வந்த அவள், தாவீது அரசனின் பாட்டனுக்குத் தாய் ஆகிறாள்.

வினையில் குற்றமில்லை. அந்த வினையைச் செய்யும் ஆளைக் குறிக்க இறுதியில் ஓர் இகரத்தைச் சேர்த்தவுடன் அது வசையாகிவிடுகிறது. அந்த வசைக்கு அஞ்சி வினையையே கைவிட்டோம் என்பதுதான் எங்கள் முன்னுரையில் நடந்தது. இது எப்படி நேர்ந்தது என்று யோசிக்கத் தொடங்கியபோது, பொருள்களைப் பிரித்துவைப்பதற்குத் தமிழில் உள்ள சொற்கள் ஒன்றன்பின் ஒன்றாக எங்கள் முன் வந்து நின்றன. அவற்றைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச விரும்புகிறோம்.

*

ஒரு நெல்மணி களத்திலிருந்து உலைக்குப் போகும் வழியைப் பாருங்கள். கதிரடித்து முடிந்ததும் முதலில் தூற்றுகிறார்கள். காற்று வீசும் திசை பார்த்து நின்று, முறத்திலிருந்து நெல்லை உயரத்தில் சரியவிட, கனத்த மணி நேரே விழுகிறது. பதர் விலகிப்போய் விழுகிறது. காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்ற பழமொழிக்குப் பொருள் சொல்ல இன்று நாம் பிள்ளைகளிடம் சற்றுச் சிரமப்பட வேண்டியிருக்கிறது. ஆனால் அந்தச் சொல் இறந்துவிடவில்லை. நெல் கொள்முதல் நிலையங்களில் உள்ள பொறிக்குத் தூற்றும் இயந்திரம் என்றுதான் பெயர்.

அடுத்து வீடு. முறத்தை மேலும் கீழுமாகத் தட்டி உமியையும் தூசியையும் பறக்கவிடுவது புடைத்தல். முறத்தைச் சற்றே சாய்த்துப் பக்கவாட்டில் அசைத்து, கல் ஒரு பக்கமும் அரிசி ஒரு பக்கமும் ஒதுங்கச் செய்வது கொழித்தல். இதையே நாவுதல், நேம்புதல் என்று சொல்லும் வட்டாரங்களும் உண்டு. சல்லடையில் இட்டு, கண்ணின் அளவுக்கு ஏற்ப மேலே நிற்பதையும் கீழே விழுவதையும் பிரிப்பது சலித்தல். இடித்த மாவில் நொய்யையும் நுண்மாவையும் வேறாக்குவது தெள்ளுதல். இத்தனைக்கும் தப்பி நிற்கும் கல்லைக் கண்ணால் பார்த்து விரலால் எடுப்பது பொறுக்குதல். அரிசியை நீரோடு அலைத்து, மேலே வருவதை மற்றொரு பாத்திரத்துக்கு மாற்றி, அடியில் கல்லைத் தங்கவைப்பது அரித்தல். கடைசியாகக் கழுநீரை வடித்து உலையில் இடுமுன் செய்வது களைதல்.

இந்தச் சொற்கள் எல்லாவற்றையும் 'பிரித்தல்' என்ற ஒன்றில் அடக்கிவிடலாம். அடக்கினால் எது போய்விடுகிறது என்பதுதான் கேள்வி. தூற்றினார் என்றால் பிரித்தது காற்று, பார்த்தது எடை. சலித்தார் என்றால் பிரித்தது கண்ணறை, பார்த்தது பருமன். அரித்தார் என்றால் பிரித்தது நீர். பொறுக்கினார் என்றால் பிரித்தது மனிதக் கண்ணும் விரலும். காற்றாலும் சல்லடையாலும் நீராலும் இயலாத இடத்தில்தான் பொறுக்குதல் தொடங்குகிறது. பிரிக்கும் வினைகளுள் ஒவ்வொரு பொருளையும் தனித்தனியே பார்த்தாக வேண்டிய வினை அது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பிரித்து ஒதுக்கப்பட்ட ஒவ்வொன்றுக்கும் இங்கே ஒரு பெயரும் ஒரு பயனும் இருந்தன. தவிடு மாட்டுக்கு, குருணை கஞ்சிக்கும் கோழிக்கும், உமி அடுப்புக்கு, கழுநீரும் தொழுவத்துக்கே. எறியப்பட்டது பெரும்பாலும் கல் ஒன்றுதான். 'வேண்டாதது' என்ற ஒரே பெயரில் எல்லாவற்றையும் கொட்டும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை.

பழையதை எண்ணி ஏங்குவது எங்கள் நோக்கமன்று. முறத்தின் முன் முதுகு வளைந்து அமர்ந்திருந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். அந்த உழைப்புக்கு அவர்கள் கூலியும் பெறவில்லை, பெயரும் பெறவில்லை. ஆலையில் கல் நீக்கிய அரிசி பையில் வந்து இறங்குவதில் யாருக்கும் வருத்தம் இருக்க வேண்டியதில்லை. ஆயினும் அந்த உழைப்பில் எவ்வளவு நுட்பமான அறிவு இருந்தது என்பதற்கு இன்று எஞ்சியுள்ள சான்று இந்தச் சொற்கள்தாம்.

*

வினைச்சொற்கள் களத்திலும் அடுக்களையிலும் பிறந்தன. பெயர்ச்சொற்களோ பல ஊர்களிலிருந்து வந்து சேர்ந்தவை. வகை, இனம், கூறு ஆகியவை நம்முடையவை. ரகமும் தினுசும் உருது வழியாகக் கடைத்தெருவுக்கு வந்தவை. இவற்றை நாம் ஒன்றுக்கொன்று மாற்றாகப் பயன்படுத்துவதாகத்தான் நினைத்துக்கொள்கிறோம். பேச்சை உற்றுக் கேட்டால் அப்படியில்லை. துணிக்கடையில் 'இதில் வேறு ரகம் காட்டுங்கள்' என்கிறோம். 'வேறு இனம் காட்டுங்கள்' என்பதில்லை. ஆட்டிலும் மாட்டிலும் இனம் உண்டு; நெல்லில் ரகமும் உண்டு, இனமும் உண்டு. 'ஒரு தினுசாகப் பார்த்தான்' என்றால் அந்தப் பார்வையில் ஏதோ சரியில்லை. 'வகையாக மாட்டிக்கொண்டான்' என்றால் தப்பிக்க வழியே இல்லை. வகை என்பதற்கு வழி, உபாயம் என்ற பொருளும் இருப்பதால்தான் வள்ளுவர் தெரிந்துசெயல்வகை, வினைசெயல்வகை, பொருள்செயல்வகை என்று அதிகாரங்களுக்குப் பெயரிட முடிந்தது.

வகையறா என்ற சொல்லின் கதை வேடிக்கையானது. அது அரபியில் தோன்றி உருது வழியாக வந்தது; 'இன்னும் பிற' என்பதே அதன் பொருள். நம் காதுக்கு அதில் 'வகை' கேட்கிறது. எனவே அதைச் சொந்தச் சொல்லாகவே ஏற்றுக்கொண்டு, கோயில் திருவிழா அழைப்பிதழ்களில் 'இன்னார் வகையறா' என்று குடும்பக் கிளைகளுக்குப் பெயராக்கிவிட்டோம். பிறரைக் குறிக்க வந்த சொல் நம்மவரைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது.

இவற்றுள் தனித்து நிற்பது தரம். வகைகள் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக நிற்பவை. தரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்பவை. மாம்பழத்தை மல்கோவா, பங்கனப்பள்ளி, ருமானி என்று பிரிப்பது வகை. முதல் தரம், இரண்டாம் தரம் என்று பிரிப்பது தரம். முன்னதில் எதற்கும் இழிவில்லை. பின்னதில் ஒன்றை உயர்த்தாமல் மற்றொன்றைச் சொல்லவே முடியாது. இலங்கையில் பள்ளி வகுப்புகளுக்கே தரம் என்று பெயர்; அங்கே ஐந்தாம் தரத்துப் பிள்ளை என்றால் ஐந்தாம் வகுப்பில் படிக்கும் பிள்ளை, அவ்வளவே. தமிழ்நாட்டில் அதே தொடரைக் கேட்பவர் ஒரு கணம் திடுக்கிடுவார். வகை சொல்ல வேண்டிய இடத்தில் தரம் சொல்லும் பழக்கம் நமக்கு எவ்வளவு ஊறிவிட்டது என்பதற்கு அந்தத் திடுக்கிடலே போதும்.

பிரிப்பதும் வரிசையாக அடுக்குவதும் வேறு வேறு செயல்கள் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். கணினிக் கலைச்சொற்களைத் தமிழாக்கியவர்கள் வகைப்படுத்து, வரிசைப்படுத்து என்று இரு சொற்களை வைத்துக்கொண்டு தடுமாறியதை நாம் அறிவோம். ஆனால் நம் தொகைநூல்களைத் தொகுத்தவர்கள் இரண்டையும் தெளிவாக அறிந்திருந்தார்கள். நான்கு முதல் எட்டு அடி வரையிலான அகப்பாடல்களைக் குறுந்தொகையிலும், ஒன்பது முதல் பன்னிரண்டு அடி வரையிலானவற்றை நற்றிணையிலும், பதின்மூன்று முதல் முப்பத்தோரடி வரையிலானவற்றை அகநானூற்றிலும் சேர்த்தார்கள். இது சல்லடை வேலை: அளவு மட்டுமே பார்ப்பது. அகநானூற்றுக்குள் ஒற்றைப்படை எண் கொண்டவை எல்லாம் பாலை. 2, 8 என முடிபவை குறிஞ்சி. 4 என முடிபவை முல்லை. 6 என முடிபவை மருதம். 10, 20, 30 என வருபவை நெய்தல். எண்ணைச் சொன்னால் திணையைச் சொல்லிவிடலாம். வரிசையும் வகையும் ஒன்றோடொன்று பின்னப்பட்ட இந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள், ஒவ்வொரு பாடலையும் கையிலெடுத்துப் பார்த்து, இது இங்கே, அது அங்கே என்று வைத்திருக்க வேண்டும். அவர்கள் செய்ததற்குப் பொறுக்குதல் என்று பெயர் சொன்னால் அவர்களுக்கு இழிவா?

*

இனி, இந்தச் சொற்கள் மனிதரை நோக்கித் திரும்பிய கதை.

முருங்கைக்கீரையை முற்றத்தில் பரப்பிவைத்து, காம்பையும் பழுத்த இலையையும் நீக்கி, நல்ல இலையை மட்டும் எடுப்பது ஆய்தல். மீனைத் துப்புரவு செய்வதையும் ஆய்தல் என்னும் ஊர்கள் உண்டு. தொல்காப்பியர் உரியியலில், உள்ளது நுணுகுவதைக் குறிக்கும் நான்கு சொற்களுள் ஒன்றாக ஆய்தலைச் சேர்க்கிறார். ஆய்த எழுத்தின் பெயரை இதனோடு இணைத்து விளக்குவோரும் உளர். அந்த ஆய்தல்தான் பல்கலைக்கழகத்துக்குப் போய் ஆய்வு ஆயிற்று, ஆராய்ச்சி ஆயிற்று. காவல் நிலையத்துக்குப் போய் ஆய்வாளர் ஆயிற்று. தெரிதலும் தேர்தலும் அவ்வாறே. வள்ளுவர் மூன்று அதிகாரங்களின் பெயரில் 'தெரிந்து' என்று வைத்தார். இன்று தேர்வு இல்லாமல் வேலை இல்லை, தேர்தல் இல்லாமல் ஆட்சி இல்லை. மாவைத் தெள்ளிய தெள்ளுதலின் உறவாகத்தான் தெளிவும் தெள்ளிய தமிழும் நிற்கின்றன. இவை உயர்ந்த சொற்கள்.

தாழ்ந்தவையும் உண்டு. பயனில்லாத பேச்சைப் பாராட்டுபவனை மனிதருள் பதர் என்று சொல்லும்படி வள்ளுவரே வழிகாட்டிவிட்டார். சொத்தை, கழிசடை, மட்டம் என்று ஒதுக்கப்பட்ட பொருளின் பெயரால் மனிதரை ஏசுவது நமக்கு எளிதாக வருகிறது. கூர்ந்து பார்த்தால் இதில் ஓர் ஒழுங்கு தெரிகிறது: ஒதுக்கப்பட்ட பொருளின் பெயர் வசையாகிறது, ஒதுக்கிப் பிரித்தவரின் பெயர் பெருமையாகிறது. ஆய்பவர் ஆய்வாளர், தேர்பவர் தேர்வாளர்.

இந்த ஒழுங்கை உடைத்துக்கொண்டு நிற்கும் சொல் ஒன்று உண்டு. பொறுக்கி என்பது ஒதுக்கப்பட்ட பொருளின் பெயரன்று, பிரித்தெடுப்பவரின் பெயர். ஆய்பவரையும் தேர்பவரையும் உயர்த்திய அதே மொழி, பொறுக்குபவரை மட்டும் தெருவில் தள்ளியது. காரணம் வினையில் இல்லை. பல்கலைக்கழகத்தில் இருப்பவரும் வாக்குச்சாவடிக்குப் போகிறவரும் தம்முடைய பொருள்களிலிருந்து எடுக்கிறார்கள். பொறுக்குபவரோ பிறர் சிந்தியதிலிருந்து எடுக்கிறார். கதிர் சிந்திய வயல் அவருடையதன்று. குப்பை கிடக்கும் தெருவும் அவருடையதன்று. நிலமற்றவர், உடைமையற்றவர் என்பதே குற்றம். எச்சில் பொறுக்கி, தெருப்பொறுக்கி என்று அதைப் பெருக்கிப் பெருக்கி, இன்று பெண்களைச் சீண்டுபவனுக்கும் அடாவடி செய்பவனுக்கும் அதே பெயரைச் சூட்டிவிட்டோம். எதையும் பொறுக்காத ஒருவனை ஏசுவதற்கு, பொறுக்கிப் பிழைக்கும் ஒருவரின் தொழிற்பெயர் பயன்படுகிறது.

தமிழிலக்கணம் உலகத்துப் பொருள்களைப் பிரித்த முதற்பிரிவை இங்கே நினைத்துக்கொள்ளலாம். உயர்திணை, அஃறிணை. தொல்காப்பியர் மக்கள் அனைவரையும் உயர்திணை என்றார். நன்னூலார் தேவரையும் நரகரையும் அவர்களோடு சேர்த்தார். அந்தப் பிரிவில் மக்களுக்குள் முதல் தரமும் இரண்டாம் தரமும் இல்லை. அதற்குக் கீழே நாம் இட்டுக்கொண்ட கோடுகள் நாம் இட்டவையே.

*

இவ்வளவும் நூல்களையும் நினைவையும் வைத்துக்கொண்டு பேசியது. எங்களில் ஒருவர் குடியிருக்கும் தெருவுக்கு நாள்தோறும் விடியலில் ஓர் அம்மையார் சாக்குப்பையோடு வருவார். ஒருநாள் அவர் தெருமுனை மரத்தடியில் பையைக் கொட்டிப் பிரித்துக்கொண்டிருந்தபோது நண்பர் அருகில் நின்று பார்த்திருக்கிறார். அட்டை ஒரு குவியல், வெள்ளைத்தாள் ஒரு குவியல், செய்தித்தாள் தனி. தகரம் வேறு, அலுமினியம் வேறு. பால் கவர் ஒரு பக்கம், பாட்டில்கள் ஒரு பக்கம், பாட்டில்களின் மூடிகள் மற்றொரு பக்கம். பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்த இரண்டு பிளாஸ்டிக் உறைகளை அவர் இரண்டு குவியல்களில் போட்டதைக் கண்டு நண்பர் கேட்டார்.

"ரெண்டும் ஒண்ணுதானேம்மா?"

"இல்ல தம்பி. இதக் கசக்குனா சத்தம் போடும், அது போடாது. சத்தம் போடுறதுக்கு ஒரு வெல, போடாததுக்கு ஒரு வெல."

பிளாஸ்டிக் பொருள்களின் அடியில் சிறு முக்கோணத்துக்குள் 1 முதல் 7 வரை ஓர் எண் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 1988இல் அமெரிக்காவின் பிளாஸ்டிக் தொழிலமைப்பு ஒன்று வகுத்த குறியீடு அது. 1 என்றால் குடிநீர் பாட்டிலின் பெட். 2 என்றால் அடர்த்தி மிகுந்த பாலிஎதிலீன். 4 என்றால் அடர்த்தி குறைந்த பாலிஎதிலீன். 5 என்றால் பாலிபுரொப்பிலீன். எண் அச்சிடப்படாத கிழிந்த உறையிலும் அந்த அம்மையார் இந்த வேற்றுமையை அறிகிறார். கைவிரலும் காதும் அவருக்குப் போதும். எங்களுள் ஒருவரும் அதைச் செய்ய இயலாது. செய்தால் அதற்குப் பகுப்பாய்வு என்று பெயரிட்டு ஒரு கட்டுரையும் எழுதியிருப்போம்.

நண்பர் இன்னொன்றும் கேட்டார். "உங்க வேலைய யாராவது கேட்டா என்னன்னும்மா சொல்லுவீங்க?"

"பேப்பர் எடுக்கிறேன்னு சொல்லுவேன். பொறுக்குறேன்னு சொல்ல மாட்டேன். எம் மவள ஸ்கூல்ல அதச் சொல்லிக் கேலி பண்ணிட்டாங்க தம்பி. அழுதுகிட்டே வந்துச்சு."

நண்பர் இதை எங்களிடம் சொன்ன அன்று வாதம் நின்றுபோயிற்று. சிவப்பு மையால் சுழித்த நண்பரும் நாங்களும் ஐந்து நொடியில் செய்த திருத்தத்தை, அந்த அம்மையாரும் தம் பேச்சில் செய்துகொண்டிருக்கிறார். எங்களுக்கு அது நாகரிகம். அவருக்கு அது மகளின் அழுகை.

*

எங்கள் வாதத்தில் உள்ள ஓட்டையை நாங்களே சொல்லிவிடுகிறோம். வேர்ப்பொருளைக் காட்டி ஒரு சொல்லின் மதிப்பை மீட்டுவிட முடியாது. நாற்றம் ஒரு காலத்தில் நறுமணத்தையும் குறித்தது என்பதற்காக இன்று யாரிடமும் 'நன்றாக நாறுகிறீர்கள்' என்று சொல்ல முடியுமா? மறுபுறம், வள்ளுவர் காலத்தில் சூதாடும் இடத்தைக் குறித்த கழகம் இன்று பல்கலைக்கழகத்தில் நிமிர்ந்து நிற்கிறது. சொற்கள் விழுவதும் எழுவதும் பேசுவோரின் நடத்தையால்தான். எனவே 'பொறுக்கி என்பது நல்ல சொல்தான் அம்மா, நீங்கள் வருந்தாதீர்கள்' என்று அந்த அம்மையாரிடம் போய் இலக்கணம் பேசுவது அபத்தம், அதைவிட, கொடுமை. சொல்லின் சுமையைத் தாங்குபவர் அவர். அதை இறக்கிவைக்க அவருக்கு உரிமை உண்டு. 'எடுக்கிறேன்' என்று அவர் சொன்னால் அதுவே அவர் தொழிலின் பெயர்.

பெயர் மாற்றினால் நிலை மாறிவிடுமா என்று கேட்போரும் உண்டு. தமிழ்நாட்டில் 2020இல் துப்புரவுப் பணியாளர் என்ற பெயர் தூய்மைப் பணியாளர் என்று மாற்றப்பட்டது. துப்புரவு நல்ல தமிழ்ச்சொல். தூய்மை என்பதே அதன் பொருள். ஒன்றை எடுத்து அதே பொருளுடைய மற்றொன்றை வைத்தோம். முதற்சொல் ஏன் மங்கியது என்ற காரணம் அப்படியே இருந்தால் இரண்டாம் சொல்லும் ஒருநாள் மங்கும். ஆனால் அதனால் மாற்றமே வீண் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். புதுச்சொல் சில ஆண்டுகளுக்காவது ஒருவரைத் தலைநிமிரச் செய்தால் அது சிறிய காரியம் அன்று. அந்த ஆண்டுகளில் கூலியும் கையுறையும் மரியாதையும் வந்து சேர வேண்டும். சொல் வாங்கித்தரும் அவகாசம் அவ்வளவுதான்.

2016இல் வெளியான திடக்கழிவு மேலாண்மை விதிகள், கழிவிலிருந்து மறுபடி பயன்படும் பொருள்களைத் திரட்டி மீட்பவர்களை ஒரு பிரிவினராக வரையறுத்து, அவர்களுடைய அமைப்புகளை உள்ளாட்சிகள் ஏற்று இணைத்துக்கொள்ள வேண்டும் என்றன. அதே விதிகள் வீட்டிலேயே குப்பையைப் பிரித்துத் தரும் கடமையை நம்மீது சுமத்தின. மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று தொட்டிகளில் எழுதிவைத்தார்கள். நல்ல பெயர்கள் அவை. நமக்கு வேண்டுமா வேண்டாமா என்று கேட்காமல், மண் ஏற்குமா ஏற்காதா என்று கேட்கும் பெயர்கள். தவிட்டுக்கும் குருணைக்கும் இடம் வைத்திருந்த பழைய அடுக்களை அறிவின் தொடர்ச்சி என்றே அவற்றைச் சொல்லலாம். ஆனால் அந்தத் தொட்டிகளுக்குள் பெரும்பாலும் எல்லாம் கலந்தே கிடக்கின்றன. நாம் பிரிக்காமல் விட்டதை, பழுத்த வாழைப்பழத் தோலுக்கும் உடைந்த கண்ணாடிக்கும் நடுவிலிருந்து, இன்னொருவர் வெறுங்கையால் பிரிக்கிறார். நம் வீட்டில் செய்யத் தவறிய வேலையை நமக்காகச் செய்பவருக்கு நாம் வைத்திருக்கும் பெயர் ஒரு வசை.

ஆகவே நாங்கள் செய்யக்கூடியவை இரண்டு என்று முடிவு செய்தோம். ஒன்று, கோபத்திலும் கிண்டலிலும் கதையிலும் அந்த வசையைக் கைவிடுவது. அடாவடிக்காரனை ஏச வேறு சொற்களுக்கா தமிழில் பஞ்சம்? எங்களுள் இருவருக்கு இது எளிதாக இல்லை. திரைப்படமும் திண்ணைப்பேச்சும் பழக்கிய நாக்கு சட்டென்று அடங்குவதில்லை. இரண்டு, அந்த வினையை எங்கள் வேலைக்கு நாங்கள் பயன்படுத்துவது. அந்த அம்மையார்மீது சுமத்துவதற்காக அன்று. நூல்களுக்கு நடுவே அமர்ந்து, பிறர் சிந்திய சொற்களிலிருந்து நல்லதை ஒவ்வொன்றாகப் பார்த்து எடுக்கிறவர்கள் என்ற முறையில் அது எங்களுக்கும் உரிய சொல். அதன் பழி கொஞ்சம் எங்கள்மீதும் விழட்டும்.

தொகுப்பின் இரண்டாம் பதிப்புக்கான மெய்ப்பு இப்போது எங்கள் கையில் இருக்கிறது. முன்னுரையின் முதல் வரியில் 'தேர்ந்தெடுத்த' என்பதை அடித்துவிட்டு, 'பொறுக்கியெடுத்த' என்று எழுதியிருக்கிறோம். இம்முறை மெய்ப்புப் பார்த்தவரும் அதே நண்பர்தான். அவர் அதைச் சுழிக்கவில்லை.